இடது பக்கச் சக்கரம்

"வெளக்குதான் எரியுதே! அப்புறம் என்ன கேடு இதுக்கு?" என்று ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார் வெல்டர்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கின்றன என்று சொல்வதற்காகவே வைத்த சின்ன மஞ்சள் விளக்கு. ஆனால் இழுத்தவை பின்சக்கரங்கள் மட்டுமே. அவை களிமண்ணைத் தோண்டித் தோண்டிப் பின்னால் வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் இரண்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தன.

"எங்க வீட்டு ஃபிரிட்ஜுலயும்தான் வெளக்கு எரியுது. பால் திரியாமலா இருக்கு?" என்றான் பக்கத்தில் இருந்த மைத்துனன்.

"வாயை மூடு ஒயரு."

மைத்துனன் எலக்ட்ரீஷியன். சாதாரண நாளில் வெல்டர் அவனை மாப்ள என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் ஒயரு. அன்று காலை எழுந்ததிலிருந்து அவன் ஒயருவாகத்தான் இருந்தான்.

சரிவின் மேலே, செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் நின்றுகொண்டிருந்தாள் தேன்காரி. வெல்டரின் மனைவி, எலக்ட்ரீஷியனின் அக்கா. தேன் விற்பதால் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு அந்தப் பெயர். வண்டி ஏறாததைப் பார்த்தாள். இன்னொரு முறையும் ஏறாததைப் பார்த்தாள். பிறகு மேலே திரும்பி, மரங்களுக்கு நடுவே வெளிறித் தெரிந்த தன் தேனீப் பெட்டிகளைப் பார்த்தாள்.

இருபதுக்கு மேல் பெட்டிகள். பழத்தோட்டத்தின் ஓரத்தில், தோட்டக்காரரின் அனுமதியோடு வைத்தவை. மறுநாள் விடிந்ததும் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கப்போகிறார்கள். மெஷினோடு ஆட்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். தேதியை மாற்ற முடியாது. தோட்டத்து மேஸ்திரி முந்தின நாள் மாலை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், தன் பாதையை விட்டு வெகுதூரம் சுற்றி வந்து அவள் வாசலில் சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "எனக்கு யாரும் சொல்லச் சொல்லலம்மா. ஆனா உங்க பூச்சிங்க செத்துக் கெடக்கறதை நான்தானே பாக்கணும். அதான் வந்தேன்." ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மருந்தடிப்பு பல நாள் நடக்கும். அத்தனை நாளும் பெட்டிகளின் வாயை அடைத்து வைத்தால் ஈக்கள் புழுங்கியே சாகும். திறந்து வைத்தால் மருந்தில் சாகும். பகலில் அவை வெளியே மேயப் போயிருப்பதால் பகலில் எடுக்கவும் முடியாது. பொழுது சாய்ந்து, எல்லாம் கூடு திரும்பிய பிறகுதான் வாயை மூடி ஏற்ற வேண்டும். ஆக, அன்று மாலை அந்தச் சரிவில் வண்டி ஏறவேண்டும். ஏறாவிட்டால், விடிந்தால் அவளுக்குத் தேனும் இல்லை, தேனீயும் இல்லை.

வாரம் முழுக்கப் பெய்த மழையில் சரிவு குழைந்து கிடந்தது. மாலையில் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, காலையிலேயே ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று சொன்னவள் அவள்தான். ஏறாது என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. பழைய பிக்கப்தான், ஆனால் போன மழைக்காலம் முழுக்க இதே சரிவில் முனகாமல் ஏறிய வண்டி.

வெல்டர் தன் பக்கக் கதவைத் திறந்து குதித்தார். முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குமிழ் உண்டு. அதற்கு லாக் என்று பெயர். அதைத் திருப்பிப் போட்டால்தான் சக்கரம் உள்ளே சுற்றும் அச்சோடு பிணையும். இல்லாவிட்டால் அச்சு தன்பாட்டுக்குச் சுற்றும், சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். ஒவ்வொரு தடவையும் சேற்றில் மண்டியிட்டு அதைத் திருப்ப முடியாது என்று, மழைக்காலம் தொடங்கும்போதே இரண்டு பக்கமும் லாக்கைப் போட்டுவிட்டு, மழை முடிந்த பிறகுதான் எடுப்பது அவர் வழக்கம்.

குனிந்து வலது பக்கக் குமிழைத் தொட்டுப் பார்த்தார். "லாக் போட்டுத்தான் இருக்கு. உள்ளதான் கோளாறு. வீட்டுக்கு விடு."

"நீங்கதான் மாமா ஓட்டுறீங்க" என்றான் மைத்துனன்.

வீட்டுக்குப் பின்னால் வெல்டரின் பட்டறை. பட்டறைச் சுவரோடு வலது பக்கம் ஒட்டினாற்போல் வண்டியை நிறுத்துவது வழக்கம். இடது பக்கம் சந்துப் பக்கம் பார்த்து இருக்கும். சந்துக்கு எதிர்ப்புறம் டெய்லர் கடை. அன்றும் அப்படியே நிறுத்திவிட்டு, வெல்டர் ஒரு பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். மைத்துனன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். சற்று நேரத்துக்கு இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இது கரண்ட் சமாச்சாரம் மாமா. வெளக்குக்குப் போற ஒயரு தப்பா தொட்டுக்கிட்டு இருக்கு. வண்டி ரெண்டு சக்கரத்துலதான் ஓடுது, வெளக்கு மட்டும் நாலுன்னு பொய் சொல்லுது."

"உனக்குத் தலைவலி வந்தாலும் கரண்ட்தான். இது இரும்பு. நாலு சக்கரத்துக்கு மாத்தற லிவரு தேஞ்சு போச்சு, உள்ள முழுசா விழல."

"தேஞ்சிருந்தா வெளக்கு எப்படி எரியும்?"

"நீதானே பொய் சொல்லுதுன்ன?"

"அது வேற பொய்."

தேன்காரி சமையலறையில் இதைக் கேட்டுக்கொண்டே அடுப்பை ஏற்றினாள். மனசுக்குள், "ஆண்டவா, இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கொஞ்சம் புத்தியக் குடு. தனித்தனியா குடுத்தா சண்டை போட்டே தீத்துருவாங்க" என்று வேண்டிக்கொண்டாள். அவள் அடிக்கடி வேண்டிக்கொள்கிறவள். பெரிய வேண்டுதல்களுக்குப் போகமாட்டாள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கேட்பாள்.

மைத்துனன் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினான். எல்லாம் நன்றாக இருந்தன. திரும்பச் செருகியதில் ஹாரன் வேலை செய்யவில்லை. அதைச் சரி செய்யப்போய் வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது. காய்ந்த கண்ணாடியில் அது கரகரவென்று தேய்க்க, அடியிலிருந்து வெல்டர் கத்தினார்: "டேய், என்னடா சத்தம்?"

"ஒண்ணுமில்ல மாமா. கண்ணாடி சுத்தமாகுது."

லிவர் சேரும் இடத்தில் புஷ் என்ற வளையம் ஒன்று உண்மையாகவே தேய்ந்திருந்தது. வெல்டருக்குப் பிடிபட்டுவிட்ட மகிழ்ச்சி. குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, அரத்தால் ராவி, புதிதாக ஒன்று செய்து பொருத்தினார். முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து, பட்டறை மூலையில் கிடந்த ஈர மணல் குவியலில் வண்டியை ஏற்றினார். லிவர் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. விளக்கு எரிந்தது. பின்சக்கரம் மணலை வாரி அடித்தது. முன்சக்கரம் சும்மா இருந்தது.

வெல்டர் ஸ்பானரைத் தரையில் வீசினார். அது துள்ளிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அதை எடுக்கத் தோள்வரை சட்டையை நனைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நேரம் பார்த்து டெய்லர் சந்துக்கு அந்தப்புறமிருந்து வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் எப்போதும் அளவெடுக்கும் நாடா. யாரோடும் அதிகம் பேசமாட்டார். "என்ன ஆச்சுங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"வண்டி எங்களை வெச்சு வெளையாடுது" என்றார் வெல்டர்.

டெய்லர் தலையாட்டினார். குனிந்து, சாக்கின்மேல் தாறுமாறாகக் கிடந்த ஸ்பானர்களைச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக அடுக்கினார்.

"அண்ணே, அதைத் தொடாதீங்க. எது எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார் வெல்டர்.

"சரிங்க, சரிங்க" என்று கையை இழுத்துக்கொண்டு டெய்லர் போய்விட்டார். போகும்போது, சாய்ந்து கிடந்த பட்டறைக் கதவை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மதியம் ஆகிக்கொண்டிருந்தது. வெல்டர் கியர் எண்ணெயை வடித்து, விரலில் தடவி, மோந்து பார்த்து, மறுபடி ஊற்றினார். பிறகு மனைவியிடம் வந்து நின்றார். பெரிய மனிதர்கள் கெட்ட செய்தி சொல்ல வரும்போது நிற்கும் நிற்பு.

"உள்ள செயின் அறுந்திருக்கும்மா. கியர் பொட்டிய எறக்கிப் பிரிக்கணும். ரெண்டு நாளாவது ஆகும்."

"ரெண்டு நாளா?" அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "மருந்து அடிக்கறவங்க கிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு செயின் மாத்தற வரைக்கும் கொஞ்சம் உக்காந்திருங்கன்னு."

"நான் என்ன வேணும்னா பண்றேன்?"

"நீங்க வேணும்னு பண்ணல. தம்பி வேணும்னு பண்ணல. வண்டியும் வேணும்னு பண்ணல. சாகப்போறது மட்டும் என் பூச்சிங்க."

டிராக்டர் வைத்திருப்பவருக்குப் போன் செய்தாள். அவர் உழவுக்காக எங்கோ தூரத்தில் இருந்தார். லாரிக்காரர், சரிவின் பெயரைக் கேட்டதுமே சிரித்தார். தலையில் சுமந்து இறக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். வழுக்கும் களிமண்ணில், மூச்சு விடும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இருள்வதற்குள் எத்தனை நடை? கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள அடுப்பில் புகைகூட இல்லை.

அவள் அழுததை இரண்டு ஆண்களும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் யாரையும் ஒயரு என்று கூப்பிடவில்லை.

"மாமா, பிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணலாம்" என்றான் மைத்துனன். "நாலு சக்கரத்தையும் தரையிலேருந்து தூக்கி, கட்டை மேல நிறுத்திட்டு கியரைப் போடுவோம். எது சுத்துது, எது சுத்தலன்னு கண்ணால பாத்துருவோம். நீங்க சொல்றதையும் நம்ப வேணாம், நான் சொல்றதையும் நம்ப வேணாம்."

அதை மறுக்க வெல்டருக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்புக் கட்டைகளில் நிறுத்தி, கியரைப் போட்டார். மைத்துனன் இடது பக்கம் எட்டிப் பார்த்தான். முன்சக்கரத்துக்குப் பின்னால் அச்சு கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் அப்படியே நின்றது.

"மாமா! செயினும் அறுந்துபோகல, மண்ணும் இல்ல. லாக்கே போடல!"

வெல்டர் ஓடி வந்தார். குமிழில் எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. நடுவில் மேடான ஒரு கோடு உண்டு. சுற்றியுள்ள நட்டுகளோடு பார்க்கும்போது அது சாய்ந்திருந்தால் லாக் போட்டதாக அர்த்தம், நேராக நின்றால் எடுத்ததாக அர்த்தம். அது நேராக நின்றது.

"ரெண்டு பக்கமும் போடாம ஒரு பக்கம் மட்டுமா போட்டீங்க?"

"ரெண்டும் போட்டேன். இந்தக் கையால போட்டேன்."

"அப்ப அதுவா எழுந்து நின்னுக்கிச்சா?"

"நீதான் நோண்டியிருப்பே. உனக்குத்தான் எதைப் பார்த்தாலும் திருகத் தோணும்."

"நான் திருகினா வைப்பர்தான் ஓடும், லாக்கு எடுக்காது. ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு, போட்டுத்தான் இருக்குன்னு காலையில யாரு சொன்னது?"

வெல்டர் குமிழைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கமும் போட்டிருக்கும் என்று நினைத்தது யார் தப்பு? ஒரு பக்கம் சும்மா இருந்தால் இழுப்பெல்லாம் அந்தச் சும்மா இருக்கும் பக்கமே வழிந்து போய்விடும். போட்ட பக்கத்துக்கும் ஒன்றும் வராது. இது அவருக்குத் தெரியாததா?

"ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. இப்பத் திருப்புங்க" என்றாள் தேன்காரி.

திருப்பினார்கள். வண்டியை இறக்கி மணல் குவியலில் ஏற்றினார்கள். நான்கு சக்கரங்களும் பிடித்து, வண்டி குவியலைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. மைத்துனன் கை தட்டினான். வெல்டர், "மாப்ள, வா சாப்பிடலாம்" என்றார். வண்டியை வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, மூன்று பேரும் காலையிலிருந்து சாப்பிடாததை எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டார்கள். வெயில் தணிந்ததும் கயிறு, சாக்கு, வலைத்தொப்பி, கையுறை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

சரிவின் அடியில் வெல்டர் லிவரைப் போட்டார். விளக்கு எரிந்தது. வண்டி முன்னால் ஓர் ஆள் நீளம் ஏறியது. பின்சக்கரம் சுழன்றது. மண் பறந்தது. வண்டி மெல்லப் பின்னால் வழுக்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

வெல்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "எறங்கிப் பாரு மாப்ள. என்னால முடியாது. நான் பார்த்தா இந்த வண்டிய இங்கயே கொளுத்திருவேன்."

மைத்துனன் இறங்கி இடது பக்கம் போனான். அங்கிருந்து அவன் குரல் மெலிந்து வந்தது. "மாமா... மறுபடியும் நிக்குது."

"என்ன நிக்குது?"

"லாக்கு. நேரா நிக்குது. நாம போட்டோம்ல? நான் பாத்தேன்ல? அக்கா, நீயும் பாத்தேல்ல? மாமா, இந்த வண்டியில ஏதோ இருக்கு. இதை வித்துருங்க."

தேன்காரியும் இறங்கினாள். குமிழைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் மணல் குவியலில் புரண்டு வந்த வண்டி. இந்தச் சக்கரத்தில் ஒட்டியிருந்தது சரிவில் புதிதாகத் தெறித்த சேறு மட்டும். அதற்கு அடியில் ஒவ்வொரு நட்டும் துடைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு வார மண் அப்படியே காய்ந்து கிடந்தது.

"ஐயோ" என்றாள். "டெய்லர் அண்ணன்."

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் டெய்லரின் மகள் புது வீட்டுக்குப் போனபோது சாமான்களை ஏற்றிப் போனது இந்த வண்டிதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதுகூடச் செய்யமாட்டோமா என்று வெல்டர் சொல்லிவிட்டார். டெய்லருக்கு வாயால் நன்றி சொல்ல வராது. அதற்குப் பிறகு, வண்டி சேறாகி வந்து நிற்கும்போதெல்லாம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியுமாக வந்து, தன் கடைப் பக்கம் தெரியும் சக்கரங்களைக் கழுவிவிட்டுப் போவார். சமையலறை ஜன்னல் வழியாகத் தேன்காரி பல தடவை பார்த்திருக்கிறாள். பார்த்ததும் ஜன்னலை விட்டு விலகிவிடுவாள். கூச்சப்படுகிற மனிதர், ஒளிந்து செய்கிற நல்லதை வெளிச்சம் போட்டுக் காட்டுவானேன் என்று கணவனிடமும் சொல்லவில்லை. அவள் நினைத்ததும் நல்லதுதான். அந்த மனிதருக்குக் கோணலாக எதையும் பார்க்க முடியாது, அடுத்தவர் வீட்டுக் காலண்டரைக்கூட நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார் என்பது மட்டும் அப்போது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

அவள் சொல்லி முடிக்கும் முன்பே வெல்டர் போனை எடுத்துவிட்டார்.

"அண்ணே! வண்டிச் சக்கரத்துல கைய வெச்சீங்களா?"

மறுபக்கம் தையல் மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது. "சேறா இருந்துச்சுங்க. கழுவினேன்."

"நடுவுல ஒரு குமிழ் இருக்கே, அதைத் திருப்பினீங்களா?"

"அது... கோணலா இருந்துச்சுங்க. நேரா வெச்சேன். போன வாரமும் ஒரு தடவை..."

"நேரா வெச்சீங்களா! காலையிலேருந்து நாங்க வண்டிக்கு அடியில செத்துக்கிட்டு இருக்கோம், நீங்க நேரா வெச்சீங்களா! யாரு உங்களைக் கேட்டது? ஸ்பானரைத் தொடாதீங்கன்னு சொன்னா, சக்கரத்தைத் திருப்பியிருக்கீங்க! விடிஞ்சா இவ பூச்சியெல்லாம் செத்துப்போகும், தெரியுமா உங்களுக்கு?"

தேன்காரி அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அண்ணே, நான் பேசறேன். அவரு பசியில கத்தறாரு."

"இப்பதான சாப்பிட்டேன்!" என்றார் வெல்டர்.

"ஒண்ணும் ஆகல அண்ணே. கண்டுபிடிச்சுட்டோம். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க." இணைப்பு அறுந்திருந்தது.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் இறங்கிப்போய்க் குமிழைத் திருப்பினார். மைத்துனன் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு இன்னொரு தடவை பார்த்தான். வண்டி முனகியபடி சேற்றைப் பிடித்து, நின்று, மறுபடி பிடித்து, மேலே ஏறியது.

ஆனால் வெளிச்சம் குறைந்துவிட்டிருந்தது. ஈக்கள் கூடு திரும்பிக்கொண்டிருந்தன. கடைசிக் கும்பல் வாசலில் மொய்த்தது. இருட்டிவிட்டால் சரிவில் சுமையோடு இறங்குவது ஆபத்து. மைத்துனனுக்கு ஒரு கொட்டு விழுந்தாலே மூச்சுத் திணறும்; அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஆக மிச்சம் இரண்டு பேர். பெட்டியின் வாயை மூட ஓர் ஆள், கயிறு கட்ட ஓர் ஆள், தூக்க இரண்டு ஆள் வேண்டும். இவர்களே மூடி, இவர்களே கட்டி, இவர்களே தூக்கினார்கள். ஒரு பெட்டி ஏறுவதற்குள் வானம் இன்னும் கொஞ்சம் இருண்டது.

"முடியாதும்மா. பாதியை விட்டுட்டுப் போகணும்" என்றார் வெல்டர், மூச்சு வாங்க.

"எந்தப் பாதியை? நீங்க சொல்லுங்க. கை காட்டுங்க, விட்டுடறேன்."

அவர் கை காட்டவில்லை. அடுத்த பெட்டியைத் தூக்கினார்.

அப்போது சரிவின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. முழங்கால் வரை சேறு. கையில் சைக்கிள் டார்ச். டெய்லர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, சரிவைக் கையும் காலுமாக ஏறி வந்திருந்தார். மூச்சு நிற்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தார். மொய்க்கும் ஈக்களைப் பார்த்தார். முகம் வெளிறியது. அவருக்குப் பயம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் நேராக வந்து, வெல்டருக்கு எதிரே நின்று, பெட்டியின் மறு முனைக்குக் கீழே கையைக் கொடுத்தார்.

வெல்டர் அந்தக் கையைப் பார்த்தார். ஊசி பிடித்துப் பிடித்து விரல் நுனிகள் காய்த்துப்போன கை. இதில் ஒரு விரல் வீங்கினாலும் நாளைக்குத் தையல் இல்லை. பெட்டியைக் கீழே வைத்தார். தன் கையுறைகளைக் கழற்றி நீட்டினார். தலையிலிருந்த வலைத்தொப்பியையும் எடுத்து, டெய்லரின் தலையில் தானே மாட்டிவிட்டார். வலை ஒரு பக்கமாக இறங்கியது. யாரும் அதைச் சரி செய்யவில்லை.

"உங்களுக்குங்க?" என்றார் டெய்லர்.

"எனக்கு நெருப்புப்பொறி பட்டுப் பழகிப்போச்சு. தூக்குங்க அண்ணே."

அது பொய். பொறி வேறு, கொடுக்கு வேறு. முதல் கொட்டு விழுந்தபோது வெல்டர் போட்ட சத்தம் வண்டிக்குள் இருந்த மைத்துனனுக்கே கேட்டது. இரண்டாவதுக்கும் கத்தினார். அதற்குப் பிறகு கத்தாமல் திட்டினார்: மழையை, வண்டியை, தோட்டத்தை, தேனை, தேன் சாப்பிடுகிறவர்களை. ஆனால் பெட்டியை ஒரு தடவைகூடப் பொத்தென்று வைக்கவில்லை. தேன்காரி முன்னால் போய் வாய்களை மூடி, கயிறு இறுக்கிக்கொண்டே வந்தாள். பின்னால் இருவரும் தூக்கினார்கள். கடைசிப் பெட்டி ஏறியபோது ஆள் முகம் ஆளுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் மிச்சம் இருந்தது.

சரிவின் அடியில் டெய்லர் இறங்கிக்கொண்டார். சைக்கிளை நிமிர்த்தினார். "நான் கேட்டிருக்கணுங்க" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"நானும் சொல்லியிருக்கணும் அண்ணே" என்றாள் தேன்காரி. "நீங்க கழுவறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் வெளிய வந்து, நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா, அந்தப் பேச்சுல இதுவும் வந்திருக்கும்."

வெல்டரின் உதடு வீங்க ஆரம்பித்திருந்தது.

பக்கத்திலேயே வைத்தால் ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடும். அதனால் ஆற்றுக்கு அப்பால், தேன்காரிக்குப் பழக்கமான ஒரு வீட்டுக்காரரின் கொல்லைக்குப் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். மைத்துனன்தான் ஓட்டினான், வெல்டரின் விரல்கள் ஸ்டீயரிங்கைச் சுற்றி மடங்கவில்லை.

விடியும்போது அவள் கொல்லையில் இருந்தாள். ஒவ்வொரு பெட்டியின் வாயிலிருந்தும் அடைப்பை எடுத்துக்கொண்டே போனாள். ஈக்கள் வெளியே வந்தன. வாசலைப் பார்த்தபடியே பின்னோக்கிப் பறந்து, சின்ன வட்டம், பெரிய வட்டம் என்று சுற்றி, புது இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பின. வரிசையின் கோடியில் இருந்த பெட்டியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஒரு கண் முழுக்க மூடிப்போயிருந்த வெல்டர் பின்னால் வந்து நின்றார். "செத்துப்போச்சா?"

அவள் மண்டியிட்டு, பலகையில் காதை வைத்தாள். மைத்துனன் வண்டிக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்காமலே உற்றுப் பார்த்தான்.

"என்னம்மா?"

"இருங்க."

"சொல்லேம்மா. என் கையைப் பாரு. என் மூஞ்சியைப் பாரு. இவ்வளவுக்கு அப்புறம் அது செத்திருந்தா நான் தாங்கமாட்டேன்."

"நீங்க பேசாம இருந்தாத்தான் கேக்கும்."

அவர் பேசாமல் இருந்தார். அன்றைக்கும் முந்தின நாளுக்கும் சேர்த்து முதல் தடவையாக. பலகைக்கு உள்ளே, வெகு ஆழத்தில், அடுத்த அறையில் யாரோ வாய்க்குள் பாடுவது போல ஒரு ரீங்காரம் இருந்தது. அவள் கணவனின் வீங்கிய கையைப் பிடித்து இழுத்து, மெல்லப் பலகைமேல் வைத்தாள். அதிர்வு அவர் உள்ளங்கைக்கு வந்தது. இருவரும் அப்படியே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஓர் ஈ வந்து நின்றது. முன்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குள் போனது.